வயருக்கு ஒன்றுமில்லை

“ஹலோ... ஹலோ, ராமுத்தாயக்கா, கெடச்சிருச்சா?... மெட்ராஸ் லைன்தான?... சரி சரி, குடுங்க... குடுத்துட்டு நீங்க வச்சிருங்கக்கா. கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, ஆமா...”

வைக்கமாட்டாள் என்று ஆனந்த்ராஜுக்குத் தெரியும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வெளியே போகிற போன், உள்ளே வருகிற போன் எல்லாம் ராமுத்தாய் கையால்தான் இணைப்பு. ஊரான் பேச்சைக் கேட்பது அவளுக்குக் காலைக் காபி மாதிரி. அதற்குப் பயந்தே ஒரு காரியம் கெட்டுப்போய்க் கிடந்தது. ஆனால் இன்றைக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் அறையில் கீபோர்டை இழுத்துவைத்துக்கொண்டான்.

“ஹலோ... வணக்கங்க. திண்டுக்கல்லுல இருந்து ஆனந்த்ராஜ் பேசுறேங்க... ஆமாங்க... ஆமா, ஆஸ்பத்திரியில இருந்துதான்... நல்லாருக்கேங்க. நீங்க நல்லாருக்கீங்களா?... என்னது?... இல்ல, சும்மா ஒரு மரியாதைக்கு... சரி... சரி சுகன்யா. ‘ங்க’ போடல. போதுமா?”

ஆறு மாசத்துக்கு முன்னால் வரைக்கும் ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்ட வாய். நிலக்கோட்டைக்காரி சுகன்யா இதே அறையில், இதே மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள். இவன் வயர் இழுப்பான், அவள் புரோகிராம் எழுதுவாள். தை மாசம் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போனவளிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. இவனும் கூப்பிடவில்லை. இன்றைக்கும் கூப்பிட்டிருக்க மாட்டான், ஆஸ்பத்திரிக்கு இப்படி ஒரு இக்கட்டு வந்திராவிட்டால்.

“அவசரம் சுகன்யா, அதான்... பின்னாடி லேப் பில்டிங்குக்குப் போற வயரு அறுந்து போச்சு... ஆமா, மண்ணுக்குள்ள போறதுதான். தண்ணிக் குழாய்க்குக் குழி தோண்டுனவன் கடப்பாரைய எறக்கிட்டான்... ம்... ம்... அதான் ரெண்டாவது வயரு இருக்குல்ல, மொட்டமாடி வழியா நம்ம இழுத்தது... ஆமா, ஆமா, மழ வந்து ரெண்டு பேரும் நனஞ்சமே, அதேதான்... அது இப்ப வேல செய்யல. நீ எழுதி வச்சிட்டுப் போன புரோகிராம் அந்த வயருல லிங்க் இல்லங்குது. அதுக்கு மாற மாட்டேங்குது... ஒரு ரத்த ரிசல்ட்டும் வார்டுக்கு வரல. நர்சுக ஆளுக்கொரு சீட்டத் தூக்கிக்கிட்டு ஓடுறாக. பெரிய டாக்டர் வந்து கத்திட்டுப் போயிட்டாரு...”

“லைட்டா?... பாத்தேன், அந்த வயரு மாட்டியிருக்கிற ரெண்டாவது நெட்வொர்க் கார்டுல லைட்டே எரியல... லேப்புலயும் பாத்தாச்சு, அந்த முனையிலயும் எரியல... செத்துப்போச்சு சுகன்யா. வெயிலுல காஞ்சு வயரு செத்துப்போச்சு. வெட்டிப்போட்டுட்டுப் புதுசு இழுத்துரலாம்னு தங்கமுத்து அண்ணன ஜன்னலுக்கு வெளிய ஏணியில ஏத்திவிட்டிருக்கேன். கட்டிங் பிளேயரும் கையுமா நிக்கிறாரு... ஏன்? ஏன் கத்துற?... அண்ணே! தங்கமுத்துண்ணே! வெட்டாதீங்க! கைய எடுங்க!... வெட்டல, வெட்டல. பிளேயரு வாயில வயர வச்சிட்டாரு, ஆனா வெட்டல... ம், சொல்லு...”

அவள் கேட்ட கேள்வி நமக்குக் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் ஆனந்த்ராஜின் முகம், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனவன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

“ரெண்டாவது கார்டா?... அது... எந்திரிச்சுதான்... இல்ல. இல்ல, அது தூங்குது. நாந்தான் அணைச்சு வச்சேன்... நீ போன பிறகு. சும்மாதான கெடக்கு, எதுக்கு வீணா எரியணும்னு... ஏய், திட்டாத... தெரியாமத்தான செஞ்சேன்...”

அணைக்கிற வியாதி என்று ஒன்று உண்டென்றால் அது ஆனந்த்ராஜுக்கு உண்டு. ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் அணைப்பான். அடுத்த வீட்டு வாசல் லைட்டைக்கூடக் கதவைத் தட்டி அணைக்கச் சொல்லுவான். சும்மா கிடக்கிற பொருளுக்கு எதற்கு உயிர் என்பது அவன் கட்சி. வடமதுரையில் அவன் அம்மா, ‘இவன் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏத்துனாலும் எந்திரிச்சு வந்து அணைச்சிருவான்’ என்று கேலி செய்வாள்.

“ம்... கார்ட எழுப்புற கமாண்டா? அடிக்கிறேன், சொல்லு... ஐ எஃப் கான்ஃபிக்... இ டி எச் ஒண்ணு... ம்... அப்பு... அண்ணே, உங்களக் கூப்பிடலண்ணே! இது இங்கிலீஷு அப்பு! நீங்க ஏணியிலயே நில்லுங்க... சிரிக்காத புள்ள. அவரு ‘என்னப்பு’ன்னு எட்டிப் பாக்குறாரு... ம், என்டர் தட்டிட்டேன்... செத்த நேரம் பொறுக்கணுமா?... சரி...”

“ஏ புள்ள! எரியுது! பச்ச லைட்டு எரியுது! கார்டுல எரியுது... இரு, உன் புரோகிராம் என்ன சொல்லுதுன்னு பாக்குறேன்... லிங்க் இருக்காம்! மாறிருச்சு! அதுவா மாறிருச்சு சுகன்யா!... அண்ணே, எறங்குங்க, வயரு நல்லாருக்கு!... நீ நல்லாருப்ப புள்ள. உன் வாய்க்குச் சக்கரதான் போடணும்.”

காரியம் முடிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் ஒருவேளை நிம்மதியாகக்கூட இருந்திருப்பான். ஆறு மாசம் கழித்துக் கேட்ட குரல், லேசில் வைக்க மனசு வருமா?

“ஆனா எனக்கு ஒண்ணு புரியல... வயரு நல்லா இருந்துச்சு. பெறகு எதுக்கு லிங்க் இல்லன்னு சொன்னுச்சு?... டிரைவரா?... இல்லண்ணே, ஆம்புலன்ஸ் ஓட்டுற அழகர் இல்ல. இது வேற டிரைவரு. நீங்க போயி ஏணிய மடக்குங்க... ம், சொல்லு... அதாவது மிஷினுக்கும் கார்டுக்கும் நடுவுல நின்னு பேசுறவன்தான் டிரைவரு... ம்... மிஷினு ‘வயருல உசுரு இருக்கா’ன்னு கேட்டா, அவன் போயி கார்டப் பாத்துட்டு வந்து சொல்லணும்... கார்டு தூங்கிட்டு இருந்தா?... ஓ. தூங்குற கார்டுக்கு வயரத் தொட்டுப் பாக்கவே தெரியாது... ம்... அப்ப ‘தெரியல’ன்னுதான சொல்லணும்?... சொல்ல மாட்டானா? ‘இல்ல’ன்னு சொல்லிப்புடுவானா? அடப் பாவி!... நம்ம ஊருத் தரகன் மாதிரில்ல இருக்கு! பொண்ணு வீட்டுக்குப் போவான். கதவு சாத்தியிருக்கும். ‘பாக்க முடியல’ன்னு சொல்ல மாட்டான். ‘அவுகளுக்கு இஷ்டமில்ல’ன்னு வந்து சொல்லிட்டுப் போயிருவான்...”

பெரிதாகச் சிரித்தான். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

“ஹலோ... சுகன்யா?... லைன்ல இருக்கியா?... என்னாச்சு?... என் போனா? என் போனுக்கு என்ன?... எந்த... செல்போனா?... நீ எப்ப கூப்பிட்ட?... எப்ப?... மாசியிலயா?”

இந்த இடத்தில் ஆனந்த்ராஜ் ரிசீவரைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

“இல்ல. வரல. சத்தியமா வரல. தெனமும் பாப்பேன் சுகன்யா. ஒரு மிஸ்டு கால்கூட இல்ல... மாதா சத்தியமா...”

அவள் சென்னைக்குப் பஸ் ஏறிய அன்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. இவன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், அவள் வீடு வேறு. அவள் அப்பா ஒச்சப்பன் மல்லிகைத் தோட்டக்காரர், நல்ல மனுஷன், ஆனால் அவர் சம்மதமில்லாமல் அவள் அடி எடுத்து வைக்கமாட்டாள். ‘அப்பாகிட்டக் கேளு. சரின்னாருன்னா என் செல்லுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணு. நான் எடுக்க மாட்டேன். அந்த ஒரு ரிங்கு போதும். வரலைன்னா இல்லன்னு நெனச்சுக்குவேன். நானா கூப்பிட்டு உன்ன நெருக்க மாட்டேன்’ என்று இவன் பெருந்தன்மையாகச் சொன்னான். ஆஸ்பத்திரி நம்பருக்கு வேண்டாம், ராமுத்தாய் கேட்பாள், கேட்டால் மறுநாள் நிலக்கோட்டை பூ மார்க்கெட் வரைக்கும் போய்விடும் என்றும் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு ரிங்குக்காகவே ஒரு பழைய செல்போன் வாங்கியிருந்தான்.

“என்ன சொன்னுச்சு?... சுவிட்ச் ஆஃபா?... ஒவ்வொரு தடவையுமா?... மத்தியானம்... ஆஸ்பத்திரியில செல்லு ஆன் பண்ணக் கூடாதுல்ல, அதான் அணைச்சுருவேன்... ராத்திரியுமா?... ராத்திரி வடமதுரையில எங்க வீட்டுப் பக்கம் டவரே கெடைக்காது புள்ள. சும்மா எதுக்குன்னு அணைச்சுப் போட்டுருவேன்... ஞாயித்துக்கெழமையும் அடிச்சியா?... ஞாயித்துக்கெழம... கோயில்ல பூசைன்னு அணைச்சேன்... பெறகு... பெறகு மறந்துட்டேன்...”

அட மனுஷா! ஒரு நாளில் அந்தப் போனுக்கு உயிர் இருந்தது சாயங்காலம் பஸ்ஸில்தான். திண்டுக்கல்லில் ஏறி உட்கார்ந்ததும் ஆன் பண்ணுவான். மிஸ்டு கால் எதுவும் இருக்காது. டவர் போகிற வரைக்கும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே போவான். பிறகு அணைத்துச் சட்டைப் பையில் போடுவான். அணைத்து வைத்த போனுக்கு யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. கேட்டால் அது ‘தெரியல’ என்று சொல்லவில்லை. ‘ஒன்றும் இல்லை’ என்றது. இவன் நம்பினான்.

“நீ என்ன நெனச்ச?... சொல்லு... உனக்குப் பயந்து அணைச்சு வச்சிட்டேன்னா?... நானா? உன்னயவா?... இல்ல புள்ள... இல்ல... நீ வேணாம்னுட்டன்னு நான் நெனச்சேன். அப்பா ஒத்துக்கல, அதச் சொல்ல உனக்கு வாய் வரல, அதான் அடிக்கலன்னு... அதுனாலதான் கூப்பிடல. உன்ன அழுக வைக்கக் கூடாதுன்னுதான்...”

“அப்பா என்ன சொன்னாரு?... அன்னைக்கு... மாசியில, நீ கேட்டப்ப... சொல்லு, பரவால்ல...”

“...சரின்னாரா?”

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். எழுந்தவன் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல், மிஷினுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“என்ன சொன்னாரு?... முழுசாச் சொல்லு... ‘பையன் வேதக்காரனா இருந்தா என்ன, கண்ணப் பாத்துப் பேசுறான்’னாரா... என்னையவா?... எப்பப் பாத்தாரு என்னைய?... ஓ, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவா... என்கிட்ட தண்ணி கேட்டாரு, வாங்கிக் குடுத்தேன், அம்புட்டுத்தான்... அத ஞாபகம் வச்சிருந்தாரா...”

“அப்ப என்ன புள்ள! அப்ப ஒண்ணுமே இல்லையே! நடுவுல கதவுதான சாத்தியிருந்துச்சு! இரு, நான் இன்னைக்கே லீவு சொல்லிட்டு நிலக்கோட்டைக்குப் போறேன். அப்பா கால்ல விழுகுறேன். போன அணைச்ச முட்டாப்பய நாந்தான்னு சொல்லுறேன். அம்மாவயும் கூட்டிட்டு வாரேன், எங்க அம்மா பேசுனா யாரும்... என்ன?... கேக்கல, சத்தமாச் சொல்லு... பூவா?... பூ வச்சாச்சுன்னா... வண்டிக்கா? மார்க்கெட்டுக்கா?...”

மல்லிகைத் தோட்டக்காரர் வீட்டில் பூ என்றால் வண்டியும் மூட்டையும் மார்க்கெட்டும்தானே ஞாபகம் வரும். அவள் சொன்னது அந்தப் பூ இல்லை.

“ஓ... உனக்கா.”

“எப்ப?... வைகாசியில... ம்... யாரு?... பிரபுவா. உங்க அத்த மகன்... தெரியும், ஒரு தடவ பைக்குல வந்து உன்ன எறக்கிவிட்டுட்டுப் போனாரு... ம்... நல்ல மனுசன்தான்... ஆவணியிலயா... ஆவணிக்கு எம்புட்டு நாள் இருக்கு! கல்யாணம் இன்னும் ஆகலைல்ல? பூதான வச்சிருக்கு? சொல்லிரலாம் சுகன்யா. நீயே அப்பாகிட்டச் சொல்லு. தப்பு நடந்துருச்சுன்னு சொல்லு. அவருதான் என்னைய ஒத்துக்கிட்டாரே... ஏன் முடியாது?... ஏன்?...”

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். ‘ம்’ கொட்டினான். அந்த ‘ம்’ ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாக வந்தது.

“ம்... எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரா... உங்க சித்தப்பாகூடச் சண்ட போட்டாரா, எனக்காக?... ம்... பங்குனி பூரா, மார்க்கெட்டுல பூக் கொட்டிட்டு வந்ததும் ‘அந்தத் தம்பி பேசுச்சா’ன்னு உன்கிட்ட போன்ல கேப்பாரா... ம்... நீ என்ன சொல்லுவ?... ‘அணைச்சு வச்சிருக்கு’ன்னா... ம்... பெறகு அவரு கேக்குறத விட்டுட்டாரா...”

“சித்தப்பா என்ன சொன்னாரு?... ‘வேதக்காரனும் வேணாம்னுட்டானா’ன்னா... பந்தியில வச்சா... ம்... அப்பா சாப்பிடாம எந்திரிச்சிட்டாரா...”

“புரியுது. ஒரு தடவ தலகுனிஞ்சிட்டாரு. ரெண்டாந்தடவ உன்னால முடியாது. சரி. நீ சொல்லுறது சரிதான். அவரு முகத்தப் பாத்து நீ அதச் சொன்னேன்னா, அந்த மனுசன் தோட்டத்துலயே உக்காந்துருவாரு... ம்... ஆமா... ஆமா...”

“அழுகாத... ஏ புள்ள, ஆபீசுல இருக்க, அழுகாத... நான் அழுகல. நான் எதுக்கு அழுகணும்... சரி, அழுகுறேன். அழுகுறேன், போதுமா? நெஞ்சு வெடிக்குது சுகன்யா. ஒரு பட்டன்... ஒரு பட்டன அமுக்கி வச்சிருந்தா இன்னைக்கு நம்ம... அண்ணே, நீங்க போயி டீ குடிங்கண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. கதவச் சாத்திட்டு... இல்ல, சாத்தாதீங்க. தொறந்தே இருக்கட்டும். லைட்டயும் அணைக்காதீங்கண்ணே. இருக்கட்டும்.”

தங்கமுத்து விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனார். ஆனந்த்ராஜ் லைட்டை அணைக்கவேண்டாம் என்று சொல்லி இந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை.

“ம்... இருக்கேன்... புரோகிராமா?... இப்ப எதுக்கு அது?... சரி, சொல்லு. சொல்லு, எழுதிக்கிறேன்... ‘இல்ல’ன்னு இருக்கிற எடத்துல ‘தெரியல’ன்னு போடணும்... ம்... அதுக்கு மொதல்ல கார்ட எழுப்பணும். எழுப்பிட்டுச் செத்த நேரம் காத்திருக்கணும். அதுக்குப் பெறகுதான் வயரப் பத்திப் பேசணும்... ம்... போடுறேன். இன்னைக்கே போடுறேன்... இனிமே அணைக்க மாட்டேன்... ம்... யாரையும்...”

ரிசீவரை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிறகு மறுபடி காதில் வைத்தான்.

“சுகன்யா... ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்காத. என் செல்ல இப்ப ஆன் பண்ணுறேன். ஆஸ்பத்திரிதான், திட்டுனாத் திட்டட்டும்... இந்தா, ஆன் பண்ணிட்டேன், சத்தம் கேக்குதா?... நீ ஒரே ஒரு ரிங் விடு. ஒண்ணு. நான் எடுக்க மாட்டேன். பெறகு ஒருநாளும் கேக்க மாட்டேன். ஆறு மாசமா நான் காத்துக் கெடந்தது அதுக்குத்தான். அது எப்படிச் சத்தம் போடும்னு மட்டும் ஒரு தடவ... ம்?... ஹலோ?...”

“சரி... வேணாம். வேணாம்னா வேணாம். உனக்குச் சங்கடம். நான் கேட்டது தப்பு... சரி... அப்பாவக் கேட்டேன்னு சொல்... வேணாம், சொல்லாத. அவருக்கு நான் தண்ணி குடுத்த பையனாவே இருந்துட்டுப் போறேன்.”

“நல்லாருங்க... இல்லைங்க, ‘ங்க’ போட்டுத்தான் ஆகணும். இனிமே எனக்கு அதுதான் முறை... வைங்க... நீங்க வைங்க மொதல்ல... நான் வைக்க மாட்டேன், என்னால முடியாது. நீங்களே வைங்க... ஹலோ... ஹலோ...”

லைன் போய்விட்டது.

ரிசீவரை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் செல்போன். டவர் முழுதாக இருந்தது. மேஜைக்கு அடியில் ரெண்டாவது கார்டின் பச்சை லைட், ரிசல்ட் போகப்போகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

செல் அடித்தது.

சின்னப் போனுக்கு எவ்வளவு பெரிய சத்தம்! கட்டைவிரல் தானாகப் பட்டனுக்குப் போனது. எடுத்துவிடலாம். எடுத்தால் அவள்தான். எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கினான். ஒரு ரிங். நின்றுவிட்டது. திரையில் ஒரு மிஸ்டு கால் என்று வந்து, அவள் நம்பர் வந்தது. ஒச்சப்பன் சரி சொல்லிவிட்டார் என்று அதற்கு அர்த்தம். மாசியில் வந்திருக்க வேண்டியது.

மேஜைப் போன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தான்.

“ஹலோ... சொல்லுங்கக்கா... ஆமாக்கா, ரிசல்ட் போகுது. வார்டுக்கெல்லாம் போகுது... என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?... கேட்டுட்டீங்களா... ம்... பரவால்லக்கா... அழுகாதீங்க... இல்ல, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்... மாசியில அவ உங்ககிட்டயே அடிச்சுச் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பீங்க, நல்லாருந்திருக்கும்... ம்... என்ன கேட்டீங்க?... வயரா?... இல்லக்கா. புதுசு இழுக்க வேணாம். வயருக்கு ஒண்ணும் இல்ல. வயரு மொதல்ல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சு.”